பங்கரிங்: பெட்டியில் பிறந்த ஒரு சொல்

துறைமுகச் செய்திகளில் ‘பங்கரிங்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ‘பங்கர்’ என்றதும் ராணுவத்தார் பதுங்கும் குழியே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. கப்பலுக்கும் பதுங்கு குழிக்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்பது நியாயமே. பங்கரிங் என்றால் கப்பலுக்கு எரிபொருள் நிரப்புதல், அவ்வளவுதான். ஆனால் அச்சொல் வந்த பாதை சுவையானது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மக்கள், உட்காரும் பலகையாகவும் பயன்பட்ட மரப்பெட்டியை இந்தப் பெயரால் அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோது, கரி கொட்டி வைக்கும் அறைக்கு அப்பெயர் ஏறியது. அதே நூற்றாண்டில் கோல்ஃப் மைதானத்து மணற்குழியும் பங்கர் ஆயிற்று. கப்பற் சொல்லை ஜெர்மானியர் எடுத்துக்கொண்டனர். பின்னர் கான்கிரீட் பாதுகாப்பு அறைக்கும் அதையே சூட்டினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பொருளோடு அது ஆங்கிலத்துக்கே திரும்பி வந்தது.

ரயில்வேயில் பணியாற்றிய எங்களுக்கு இது பழகிய சொல். நெடுந்தூர நீராவி எஞ்சின்களில் கரியும் தண்ணீரும் பின்னால் இணைத்த ‘டெண்டர்’ வண்டியில் இருக்கும். ‘டாங்க் எஞ்சின்’ எனப்படும் சிறிய வகைக்கு டெண்டர் கிடையாது. தண்ணீர்த் தொட்டி எஞ்சின் மீதே இருக்கும். டிரைவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள கரிப்பெட்டிதான் பங்கர்.

கப்பல் பங்கரில் வேலை செய்தவர்களை ‘டிரிம்மர்’ என்பார்கள். இருட்டிலும் புழுதியிலும் நின்று, கரியை வாரி உலைக்காரர்களுக்குத் தள்ளிக் கொடுப்பது அவர்கள் வேலை. ஒரு பக்கக் கரி மட்டும் குறைந்தால் கப்பல் சாய்ந்துவிடும்; ஆகவே சமன் செய்வதும் அவர்கள் பொறுப்பே. குவித்து வைத்த கரி காற்றுப் பட்டுத் தானே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. 1912இல் டைட்டானிக் புறப்பட்டபோதே அதன் பங்கர் ஒன்றில் தீ கனன்றுகொண்டிருந்தது. பயணிகள் மேல்தளத்தில் காற்று வாங்க, கீழே இவர்கள் வெந்தார்கள்.

பிறகு கரி போய் எண்ணெய் வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. கப்பல் எண்ணெயை இன்றும் ‘பங்கர்’ என்றே விற்கிறார்கள். இவ்வியாபாரத்தில் உலகில் முதலிடம் சிங்கப்பூருக்கு. 2023இல் மட்டும் அங்கே 5 கோடி டன்னுக்கும் மேல் விற்பனையாயிற்று. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது உலகளாவிய விதி. முன்பு 3.5 சதவீதம் வரை அனுமதி இருந்தது. புகை போக்கியில் கந்தகத்தைக் கழுவி நீக்கும் கருவி பொருத்திய கப்பல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஓர் எச்சரிக்கை. நைஜீரியச் செய்திகளில் ‘பங்கரிங்’ என்று வந்தால், பெரும்பாலும் குழாயை உடைத்து எண்ணெய் திருடுவதையே குறிக்கும். கப்பல் வேலைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பொருளையும் அறிந்திருப்பது நல்லது. அகராதியில் ஒரு பொருளைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த வரியையும் படியுங்கள்.