இடுப்பில் இருப்பதும் அமானிதமே: கைத்துப்பாக்கி உரிமம் பெற்றோரும் அவர்கள் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை



மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்போர், நகைக்கடை நடத்துவோர், பெரிய தொகையோடு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரிகள் ஆகியோரில் சிலர் தற்காப்புக்காக அரசின் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். உரிமம் கையில் இருந்தால் எங்கும் கொண்டு போகலாம், யாரிடமும் காட்டலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமம் என்பது அரசு நம்மை நம்பி ஒப்படைக்கும் ஓர் அமானிதம். அதற்குரிய கடமைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

உரிமம் இல்லாவிட்டால்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின், இக்குற்றத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. "நண்பன் வைத்திருக்கச் சொன்னான், அவ்வளவுதான்" என்பது இதிலிருந்து தப்பும் வழியல்ல. யார் எதைச் சுற்றிக் கொடுத்து "இரண்டு நாள் வைத்திரு" என்றாலும் வாங்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. காலம் முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும்.

வெளியே கொண்டு செல்லும்போது

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடலோடு அணிந்திருக்க வேண்டும், அல்லது பையில் வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும். எந்நேரமும் உரியவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். காரில் வைத்துவிட்டுக் கடைக்குள் போவதும், மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுவதும் இந்த விதிக்கு எதிரானவை.

மறைத்து வைப்பது பிறரை ஏமாற்றுவதற்காக அல்ல. பிறர் அஞ்சாமல், காயப்படாமல் இருப்பதற்காக. பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்புகளோடு செல்பவர், யாரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அறிவோம். விதியின் நோக்கமும் அதுவே.

உரிமத்தை எப்போதும் உடன் வைத்திருங்கள். துப்பாக்கி கொண்டு செல்பவரிடம் உரிமத்தைக் காட்டும்படி கேட்கக் காவல்துறை அலுவலருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெளி மாநிலம் செல்லும் முன் இது மிக முக்கியம்.

கொண்டு செல்லக் கூடாத இடங்கள்

சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கி எடுத்துச் செல்லக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆடிப்பூரத் தேரோட்டமானாலும் சந்தனக்கூடு ஆனாலும் விதி ஒன்றே. நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உரிமமும் ரத்தாகலாம்.

நிக்காஹ், விருந்து போன்ற மகிழ்ச்சியான நேரங்களில் வானை நோக்கிச் சுடுவது தனிக் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன தோட்டா கீழே எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு செய்தி உண்டு. மடவார் வளாகத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அதுவும் அடங்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றி எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. சரணாலயத்திலும் அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கும் உரிமதாரர்கள் வனத்துறையிலும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தற்காப்பு எதுவரை?

உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவும் ஒப்புக்கொள்கிறது. அதற்கு எல்லையும் உண்டு. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை. காத்துக்கொள்ளத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யவும் கூடாது. வாய்ச்சண்டைக்குத் துப்பாக்கி எடுப்பது தற்காப்பாகாது.

1967 ஜனவரி 12ஆம் நாள் ராமாவரம் தோட்டத்தில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆர். வீட்டுக்குப் பேச வந்த நடிகர் எம்.ஆர்.ராதாவிடம் கைத்துப்பாக்கி இருந்தது. பேச்சு நடந்த இடத்தில் குண்டு வெடித்தது. இருவரும் காயமடைந்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் அதற்குப் பின் பழையபடி ஆகவில்லை. ராதாவுக்குச் செங்கல்பட்டு நீதிமன்றம் 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்தது. துப்பாக்கி இல்லாதிருந்தால் அது மனக்கசப்போடு முடிந்திருக்கலாம். கோபம் வரக்கூடிய சந்திப்புக்குச் செல்லும்போது ஆயுதத்தை வீட்டில் பூட்டிவிட்டுச் செல்வதே அறிவு.

வீட்டார் அறிய வேண்டியது

துப்பாக்கியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. மகனோ ஓட்டுநரோ தாமாக அதை எடுத்துச் செல்ல முடியாது. பழுது பார்ப்பதற்கோ உரிமம் புதுப்பிப்பதற்கோ அனுப்புவதானால் உரிமதாரர் உடனிருக்க வேண்டும், அல்லது எழுதிக் கொடுக்க வேண்டும். காணாமல் போனாலோ திருடு போனாலோ தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். தேர்தல் காலத்தில் ஒப்படைக்க உத்தரவு வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பல வீடுகளில் நடப்பது. அத்தா மௌத்தாகிவிடுவார். அவருடைய துப்பாக்கி பெட்டியிலேயே கிடக்கும். "அத்தாவின் ஞாபகம்" என்று யாரும் தொட மாட்டார்கள். அவரோடு உரிமமும் முடிந்துவிட்டது. அதன்பின் அதை வைத்திருப்பவர் உரிமம் இல்லாதவர். தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். வாரிசு ஒருவர் தம் பெயரில் உரிமம் வேண்டினால், அதன்பின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கடனையும் ஜகாத்தையும் கணக்குப் பார்ப்பது போல, இதையும் உயிரோடிருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லி, உரிமப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுவது நல்லது. கணவரின் மறைவுக்குப் பின் ஒரு சகோதரி இத்தா காலத்தில் காவல் நிலையப் படி ஏறும் நிலை வரக் கூடாது.

அவரவர் உரிமத்தில் எழுதியுள்ள நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அமானிதத்தைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் செய்வானாக. ஆமீன்.