கட்டிப் போடுவதா, நடக்க விடுவதா?

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயில் கும்மிடிப்பூண்டியில் வந்து நிற்கிறது. ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் கூட்டமாக இறங்குகிறார்கள். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் எஃகு ஆலைகளில் குனிவதும் தூக்குவதும் தள்ளுவதும் அன்றாட வேலை. திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் இப்படி உடல் வருந்த உழைப்போர் பலர். அவர்களில் ஒருவர் உங்கள் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். ஒரு நாள் பாரம் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

"பத்து நாள் அசையாமல் படுத்திரு" என்கிறார் பாட்டி. "எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "உடனே ஸ்கேன் எடு" என்கிறார் நண்பர். "எழுந்து நடங்கள்" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். நான்கு பேர், நான்கு யோசனைகள்! தினக்கூலி பெறுபவருக்குப் பத்து நாள் படுக்கை என்றால் பத்து நாள் கூலி இல்லை. தவறாக அசைந்து காயம் பெரிதானால் அதுவும் நஷ்டமே. எனவே இது வெறும் வாதம் அன்று. வீட்டில் அடுப்பு எரிவதைப் பற்றிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு அறிவியல் எவ்வாறு விடை தேடியது என்று பார்ப்போமா?

உடலே முதல் வைத்தியர்

கபடி ஆடும்போது கணுக்கால் பிசகியதாக வைத்துக்கொள்வோம். எலும்பை எலும்போடு பிணைக்கும் மூட்டு நார்களில் சில இழைகள் அறுந்திருக்கும். முதல் சில நாள்கள் அந்த இடம் வீங்கும், சிவக்கும், சூடாகும். இதற்கு அழற்சி என்று பெயர். பழுதடைந்த இழைகளை அகற்றும் செல்கள் அப்போது அங்கே வந்து சேர்கின்றன. அடுத்த சில வாரங்களில் கொலாஜன் என்னும் புரத இழைகள் உருவாகின்றன. தொடக்கத்தில் அவை வைக்கோலை வாரிப் போட்டதுபோல் தாறுமாறாகக் கிடக்கும். அளவான இழுவிசை படப்படத்தான் அவை ஒரே திசையில் ஒழுங்காக அமைந்து வலுப்பெறும். இந்த மூன்றாம் கட்டத்துக்குப் பல மாதங்கள்கூட ஆகலாம்.

ஆக, பெரும்பாலான சுளுக்குகளும் இடுப்புப் பிடிப்புகளும் நாம் எதுவும் செய்யாவிட்டாலும் நாளடைவில் குறையக்கூடியவை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம். அதன் பிறகு வலி தானாகவே இறங்கினாலும், கடைசியாகச் செய்த வைத்தியத்துக்கே பெயர் கிடைக்கிறது!

புத்தூர் கட்டு

திருவள்ளூர், திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் ஆந்திர மாநிலத்தின் புத்தூர் இருக்கிறது. எலும்பு முறிந்தவர்கள் பல தலைமுறைகளாக அங்கே சென்று கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். முறிந்த இடத்தில் பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெண்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் கட்டுவது 'புத்தூர் கட்டு'.

அங்கே குணமானவர்கள் ஏராளம். குணமாக்கியது எது? பச்சிலையா, சிம்பா, அல்லது எலும்பின் இயல்பான வளர்ச்சியா? விலகாத முறிவைப் பல வாரம் அசையாமல் வைத்தால் எலும்பு தானாகவே கூடும். மாவுக்கட்டும் இதே விதியைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே 'எனக்குச் சரியாயிற்று' என்ற ஒரு சாட்சியத்தை வைத்துப் பச்சிலையைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது.

எந்தக் கட்டிலும் ஓர் ஆபத்து உண்டு. கட்டு மிக இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழிந்து, விரல்கள் மடங்கியே போய்விடலாம். 1881-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மான் இதை விளக்கினார். மூங்கில் சிம்பு, மாவுக்கட்டு இரண்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஓய்வா, அசைவா?

ஐரோப்பாவிலும் இதே சண்டை நடந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து, முறைப்படி மருத்துவம் படித்தவர். அடிபட்ட மூட்டுக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வு தேவை என்றார். அவர் வடிவமைத்த 'தாமஸ் சிம்பு' முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் பலரைக் காப்பாற்றியது. அதே காலத்தில் பிரான்சில் ஜூஸ்ட் லூகா ஷாம்பியோனியேர் என்பவர், முறிந்த உறுப்பைக்கூட விரைவில் அசைக்கத் தொடங்க வேண்டும் என்று வாதிட்டார். இருவருக்கும் அனுபவம் உண்டு. குணமான நோயாளிகளும் உண்டு. தீர்ப்புச் சொல்வது யார்?

சீட்டுக் குலுக்கிய மருத்துவர்கள்

தீர்ப்புக்கு ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு, மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு சிகிச்சை தர வேண்டும். தானாகக் குணமாகும் வாய்ப்பு எல்லாக் குழுக்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். மிஞ்சும் வேறுபாட்டைச் சிகிச்சையின் விளைவு எனலாம்.

1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் இடுப்பு வலி கொண்ட 203 பேரை இப்படிப் பிரித்தனர். ஒரு பாதிக்கு 2 நாள் படுக்கை ஓய்வு, மறு பாதிக்கு 7 நாள் என்று சொல்லப்பட்டது. வலி குறைந்ததில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் 2 நாள் குழுவினர் வேலைக்குப் போகாத நாள்கள் 45 சதவீதம் குறைவு!

1995-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் மற்றொரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குப் படுக்கை, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழு வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தது. மிக மெதுவாகத் தேறியது படுக்கைக் குழு. நன்றாகத் தேறியது எது தெரியுமா? மூன்றாவது குழு! வலி தொடங்கிய உடனே தந்த தனிப் பயிற்சிகூட வழக்கமான நடமாட்டத்தை மிஞ்சவில்லை. பிசியோதெரபி துறையும் இதிலிருந்து பாடம் கற்றது.

கணுக்கால் சுளுக்குக்கும் 2010-இல் வட அயர்லாந்தில் 101 பேரிடம் சோதனை நடந்தது. முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கியவர்களின் கால், முதல் இரண்டு வாரங்களில் மற்றவர்களைவிட நன்றாக இயங்கியது.

பனிக்கட்டியும் கருவிகளும்

அடிபட்டவுடன் ஐஸ் வைப்பீர்கள் அல்லவா? ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கு விதிகளை 1978-இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். ஐஸ் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேளா ஒலிக் கருவியும் இப்படிச் சோதிக்கப்பட்டது. கணுக்கால் சுளுக்குக்கு உண்மையாக இயங்கும் கருவியையும், இயங்குவதுபோல் பாவனை செய்யும் கருவியையும் ஒப்பிட்டார்கள். சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஸ்கேன்? இடுப்பு வலியே இல்லாதவர்களின் முதுகு ஸ்கேன்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு தொகுப்பு வெளியானது. 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்திருந்தன! எனவே படத்தில் தெரியும் தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எப்போது விரைய வேண்டும்?

நடப்பது நல்லது என்பதால் எல்லாக் காயத்தோடும் நடந்துவிடக் கூடாது. முறிந்த எலும்புக்குக் கட்டு வேண்டும். கணுக்கால் பிசகியபின் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் முண்டுகளை அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவில் 1992-இல் வகுக்கப்பட்ட 'ஒட்டாவா விதிகள்' இவ்வாறு கூறுகின்றன. இடுப்பு வலியோடு கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல் இருந்தாலும், உயரத்திலிருந்து விழுந்திருந்தாலும் உடனே மருத்துவமனைதான். கட்டுப் போட்டபின் வலி ஏறிக்கொண்டே போய், விரல்கள் குளிர்ந்து, வெளுத்து, மரத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. பிசியோதெரபிஸ்டின் வேலை கருவியை ஒட்டுவது மட்டும் அன்று. எந்தக் காயத்தை அசைக்கலாம், எவ்வளவு, எப்போது பளுவைக் கூட்டலாம் என்று கணித்து வழிகாட்டுவதே அவருடைய முக்கியமான பணி.

அடுத்த முறை யாராவது ஒரு வைத்தியத்தைச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டார்களா? இதனால் தீங்கு வருமா? பாட்டியிடம் பணிவாகக் கேளுங்கள். ஆனால் வெள்ளைக் கோட்டு அணிந்தவரிடமும் கேட்கத் தயங்காதீர்கள்!