புளூடூத் இணையாக்கம்

புளூடூத் இணையாக்கம் என்பது கம்பியற்ற ஹெட்போன் ஒன்றும் செல்லிடத்துப்பேசி அல்லது கணினியும் ஒன்றையொன்று அடையாளங்கண்டு, பொதுவான மறைதிறவி ஒன்றை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளும் முறையாகும்.

தொடக்கத்தில் இதற்கு இரு கருவிகளிலும் ஒரே கடவெண் தேவைப்பட்டது. எண்களை உள்ளிட வழியில்லாத ஹெட்போன்களில் அவ்வெண் பெரும்பாலும் 0000 எனத் தயாரிப்பின்போதே பதிக்கப்பட்டதால், அதனை இரகசியம் எனக் கூறுவது கடினம். 2007 இல் வெளியான புளூடூத் 2.1 பதிப்பு நீள்வளையக்கோட்டு மறையீட்டியலைப் புகுத்தியது. இதனால் வானலைகளை ஒட்டுக்கேட்பவரால் மட்டும் திறவியைக் கணிப்பது நடைமுறையில் இயலாததாயிற்று. எனினும் திரையற்ற ஹெட்போனில் எண்களை ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாதாகையால், இணையாக்கத்தின்போது இடையில் புகுந்து ஆள்மாறாட்டம் செய்யும் கருவியை இம்முறை தடுப்பதில்லை.

சேமித்த திறவியைக் கொண்டே கருவிகள் அடுத்தமுறை தாமாக இணைகின்றன. அது ஒன்றில் மட்டும் அழிந்துவிட்டால் இணைப்பு தோல்வியுறும். அப்போது மற்றதிலுள்ள பழைய பதிவையும் நீக்கிவிட்டு மீண்டும் இணையாக்க வேண்டும்.