நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு

பக்கத்து மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலையில் தயாரானதால், ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டை எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மறைமலை நகர் வண்டி என்றுதான் சொல்வோம். பட்டறைக்காரன் எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அதன் பூர்வீகம் பிரேசில்.

அங்கே 2003-ல், ஃபியஸ்டா காரின் அடித்தளத்தில் உயரத்தைக் கூட்டி, முதுகில் ஸ்டெப்னியை மாட்டி இறக்கினார்கள். பாஹியா மாநிலத்தின் கமசாரி ஆலையில் தயாரான வண்டி. ஜீப் தோற்றம், கார் ஓட்டம், நன்றாக விற்றது. பல நாடுகளுக்கான இரண்டாம் தலைமுறையும் பிரேசில் குழுவிடமே போனது. அதை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள்.

பிறந்த ஊரின் அடையாளம் பின்கதவில் இருக்கிறது. கைப்பிடி வலது டெயில் லேம்ப்பில் ஒளிந்திருக்கும்; கதவு இடப்பக்கமாகத் திறக்கும். சாலையின் வலது ஓரம் நிறுத்தும் பிரேசிலில் அது வசதி. இங்கே இடது ஓரம் நிறுத்தினால், அரிசி மூட்டையோடு போக்குவரத்துப் பக்கம் சுற்றிவர வேண்டும்.

இந்தியாவுக்கு வந்ததும் அளவு டேப்பை நிதியமைச்சகம் கையில் எடுத்தது. நீளம் நான்கு மீட்டருக்குள், இன்ஜின் பெட்ரோலில் 1200 சிசிக்குள், டீசலில் 1500-க்குள் இருந்தால் சிறிய கார். 2013-ல் கலால் வரி 12 சதவீதம். பெரிய எஸ்யூவிகளுக்கோ அந்த ஆண்டு பட்ஜெட்டில் 27 சதவீதம் 30 ஆனது. ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர்! ஸ்டெப்னி கணக்கில் சேராது. சேர்த்தால் நான்கு மீட்டரைத் தாண்டிவிடும். டீசல் 1498 சிசி, டர்போ பெட்ரோல் 999. சாதா 1.5 பெட்ரோலுக்கு மட்டும் சலுகை கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டு மஹிந்திரா, இதே வரம்புக்காகத் தன் ஜைலோ காரின் வாலை வெட்டி குவான்டோ செய்திருந்தது. வெட்டிய இடம் கண்ணை உறுத்தும். ஈகோஸ்போர்ட்டில் அப்படி உறுத்தாது, என் கண்ணுக்கு.

2013 ஜூனில் 5.59 லட்சம் ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்தபோது, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரம் நம் வேகத்தடைகளுக்குத் தாராளம்.

டர்போ இன்ஜின் தனிக்கதை. மூன்றே சிலிண்டர், ஏ4 தாளில் அடங்கும் பிளாக். 2012 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த இன்ஜின் விருது. அதன் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் அரித்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். 'ஏதோ ஒரு ஆயில் போடுங்க அண்ணே' என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஐரோப்பாவில் ஸ்டெப்னி எடுபடவில்லை. 2015-ல் அது இல்லாமலும் விற்றார்கள். 2018-ல் மறைமலை நகர் வண்டி அமெரிக்காவுக்கே போனது. இதற்குள் இங்கே பிரெஸ்ஸா, நெக்ஸான், பிறகு வென்யூ என அதே நான்கு மீட்டருக்குள் போட்டி வண்டிகளின் கூட்டம் நெருக்கியது. 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் லைன் 2022-ல் நின்றது. கடைசியாக அங்கிருந்து வெளியேறியவை ஏற்றுமதி வண்டிகள்.