கடைக் கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் வைப்போம்

நம் சங்க உறுப்பினர்களின் கடைகளில் இப்போது கம்ப்யூட்டர் ஒன்றோடு நிற்பதில்லை. பில் போட இரண்டு, கணக்கருக்கு ஒன்று, கிடங்கில் ஒன்று, கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் சர்வர் ஒன்று, போதாததற்குப் பிரிண்டர். எல்லாவற்றையும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டி இணைக்கிறது. நன்றாக ஓடும் இந்த ஏற்பாடு, மின்சாரம் போய் வந்த ஒரு மாலையில் நின்றுவிடும். 'சர்வர் கிடைக்கவில்லை' என்று பில் கம்ப்யூட்டர் சொல்லும். லாரியில் மூட்டை ஏற்றியாகிவிட்டது. பில் இல்லாமல் வண்டி கிளம்பாது. ஆள் வந்து ஏதோ ஓர் எண்ணை மாற்றிவிட்டுக் கூலி வாங்கிப் போவார். அடுத்த மாதமும் அதே கதை.

காரணம் எளிது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.10 என்பது போல ஓர் எண் உண்டு. அந்த எண் அதற்குச் சொந்தமல்ல; ரௌட்டர் வாடகைக்கு விட்டிருப்பது. ரௌட்டர் அணைந்து எழுந்தால் சில சமயம் சர்வருக்கு வேறு எண் போய்விடும். பில் கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

மூட்டையின் மேல் நாம் போடும் விலாசம், அதாவது கடையின் முன்னெழுத்துகள், கடை வேறு தெருவுக்குப் போனாலும் மாறுவதில்லை. சரக்கை எங்கே இறக்குவது என்பதை லாரி ஆபீஸ் குமாஸ்தா தம் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர்களுக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. ஆதியில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் குழுவினர் அதைப் பராமரித்தார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகி அது தாங்காமல் போகவே, 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் வகுத்ததுதான் டி.என்.எஸ். என்ற முறை. உலகம் இன்றும் அதில்தான் ஓடுகிறது.

நம் கடைக்கு வேண்டியது அதன் சிறு உருவம். முதலில் சர்வருக்கும் பிரிண்டருக்கும் எண்ணை நிலையாக்க வேண்டும். ஒவ்வொரு கருவியிலும் தொழிற்சாலையிலேயே பதித்த மேக் முகவரி இருக்கும். 'இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண்' என்று ரௌட்டரில் ஒருமுறை எழுதினால் போதும்.

அடுத்தது பெயர். நாலைந்து கம்ப்யூட்டர் மட்டும் என்றால், விண்டோஸில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில், ஒவ்வொன்றிலும், எண்ணையும் பெயரையும் ஒரு வரியாக எழுதலாம். நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யாது. பலர் தடுமாறுவது இங்கேதான். அதற்கு மேல் கம்ப்யூட்டர் இருந்தால், பெயர் நோட்டை ஒரே இடத்தில் வைப்பது மேல். சில ரௌட்டர்களில் அந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் ஒரு சிறு கம்ப்யூட்டரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். அது அணைந்தால் இணையமும் நிற்கும் என்பதால் யூ.பி.எஸ். அவசியம்.

பெயரில் ஆடம்பரம் வேண்டாம். கணக்கு, பில்1, கிடங்கு என்று வேலையைச் சொல்லும் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் போதும். பையன் பெயர், பேத்தி பெயர் எல்லாம் வைத்தால் புதிதாக வரும் கணக்கருக்கு ஒன்றும் புரியாது. வால்பெயருக்கு 'டாட் காம்' கூடாது, அது வெளியில் யாருக்காவது சொந்தமாக இருக்கும். 'டாட் இன்டர்னல்' என்பதை இப்படிப்பட்ட உள்வலைகளுக்கென்றே 2024-இல் ஐகான் அமைப்பு ஒதுக்கிவிட்டது.

வேலை செய்ய வருபவர், 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று இரண்டாவது டி.என்.எஸ். ஆக 8.8.8.8 என்ற கூகுள் எண்ணையும் போட்டுவிட்டுப் போவதுண்டு. இது வேண்டாத வேலை. நம் கிடங்கின் பெயர் கூகுளுக்குத் தெரியாது. அதைக் கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரும். காலையில் கிடைத்த சர்வர் மாலையில் கிடைக்காது, காரணமும் புலப்படாது. உள்ளே ஒரு நோட்டு இருந்தால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதை மட்டுமே கேட்க வேண்டும். வெளிப் பெயர்களை அதுவே விசாரித்துச் சொல்லிவிடும்.

இந்த நோட்டை யார் கையில் விடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். பெயருக்குத் தவறான எண்ணைச் சொல்லிக் கொடுத்தால், பாங்கி என்று நினைத்து வேறெங்கோ போய் நிற்போம். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற கள்ள மென்பொருள் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் இப்படித்தான் புகுந்து, அவை கேட்கும் இடத்தையே மாற்றி வைத்தது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலின் மேல் நடவடிக்கை எடுத்தது. பல கடைகளில் ரௌட்டரின் கடவுச்சொல் பெட்டியோடு வந்ததே இன்னும் இருக்கிறது, அல்லது ஆளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அதை மாற்றி, புதியதை எழுதி, பெயர், எண், மேக் முகவரிப் பட்டியலோடு முதலாளியின் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஆளை உடனே அனுப்பிவிடக் கூடாது. அவர் எதிரிலேயே ரௌட்டரையும் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். பில் கவுண்ட்டரிலிருந்தும் கிடங்கிலிருந்தும் ஒவ்வொரு பில் அச்சாகி வந்த பிறகு கூலியைக் கொடுக்கலாம்.