சூசையப்பர் கோயில் பேராலயமான கதை

திண்டுக்கல் பெரியவர்களுக்கு அது இன்றும் சூசையப்பர் கோயில்தான். திருச்சபை ஏடுகளில் புனித வளனார் பேராலயம். 1866 தொடங்கி 1872 வரை கட்டிய இந்தக் கோயில், அதன்பின் 131 ஆண்டுகள் பங்குக் கோயிலாகவே இருந்தது. 2003 நவம்பர் 10 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சி மறைமாவட்டத்தைப் பிரித்துத் திண்டுக்கல் மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். அதோடு இது பேராலயமாயிற்று.

ஒரு கோயிலைப் பேராலயமாக்குவது அதனுள் இருக்கும் ஆயரின் இருக்கை. உயரமோ, கூட்டமோ, பழமையோ கணக்கில்லை. கூட்டம்தான் கணக்கென்றால், நேர்ச்சை ஆடும் கோழியும் திருவிழாவில் பிரியாணியாகும் முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயிலை யாரும் முந்த முடியாது! வேளாங்கண்ணியே பேராலயம் இல்லை, திருத்தந்தை சிறப்புப் பட்டம் தந்த பசிலிக்காதான். அந்த மறைமாவட்ட ஆயரின் இருக்கை தஞ்சாவூர் திரு இருதயக் கோயிலில் இருக்கிறது. சென்னை சாந்தோமோ பசிலிக்கா, பேராலயம் இரண்டும்.

மறைமாவட்டம் வளர்ந்தால் பிரியும்; புதிய ஆயருக்குக் கோயில் வேண்டும். 1886இல் மறைமாவட்டமான திருச்சியிலிருந்து 1923இல் தூத்துக்குடி பிரிந்தது, 1938இல் மதுரை, பிறகு திண்டுக்கல். திருச்சி மேலப்புதூர் மரியன்னை பேராலயமும் மறைமாவட்டத்துக்கு மூத்தது. 1841இலேயே கட்டி முடித்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலோ 1994 நிலநடுக்கத்தில் பழைய பேராலயம் சேதமானதும் பெருஞ்செலவில் புதிதாகவே கட்டி 2002இல் திறந்தார்கள். நம் பக்கத்தில் இருக்கும் கோயிலை உயர்த்துவதே வழக்கம். அதுவே சிக்கனம், மக்களுக்கும் பழகிய இடம்.

மாற்றம் கண்ணுக்குத் தெரிவது புனித வாரத்தில். ஆயரும் குருக்களும் பேராலயத்தில் கூடி எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலி நிறைவேற்றுவார்கள். ஆலிவ் எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்த கிறிஸ்மாவும் மற்ற இரண்டு எண்ணெய்களும் அங்கிருந்து பங்குகளுக்குப் போகும். ஞானஸ்நானத்தில் குழந்தையின் உச்சியில் பூசுவது அந்தக் கிறிஸ்மாவைத்தான். 2003 வரை திண்டுக்கல் குழந்தைகளுக்கு அது திருச்சி ஆயர் அர்ச்சித்து வந்தது.

திண்டுக்கல் ஆயர் இருக்கையில் முதலில் அமர்ந்தவர் மாரம்பாடியில் பிறந்த அந்தோணி பாப்புசாமி. 2014இல் அவர் மதுரைப் பேராயராகிப் போனார். 2016இல் தாமஸ் பால்சாமி பொறுப்பேற்கும்வரை இருக்கை காலி. அப்போதும் பேராலயம் பேராலயமாகவே இருந்தது.