பொதுக்கூட்டம் கூடாத வரை பதவி முடிவதில்லை

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளையைப் படிக்க வைக்கும் பலருக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்றதும் ஞாபகம் வருவது காசு கேட்டு வரும் துண்டுதான். அந்தச் சங்கத்தில் தாங்களும் உறுப்பினர்கள் என்பது பேச்சில் வருவதில்லை. அதன் நிறைவேற்றுக் குழு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே தெரிவாகிறது, காலம் முடிந்ததும் பொதுக்கூட்டம் கூட்டிப் புதிதாகத் தெரிவு செய்ய வேண்டும் என்பதும் அப்படியே. செயலாளர் யார் என்று கேட்டால் பெயர் சொல்வார்கள். எப்போது தெரிவானார் என்று கேட்டால், "அவர்தானே எப்பவும்" என்பார்கள்.

அந்த "எப்பவும்" சட்டத்தில் இல்லை. பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் எல்லோரும் சேர்ந்ததுதான் சங்கம். அதிபர் பதவி வழியாகவே தலைவராகிறார். மற்றவர்கள் தெரிவாகி வருகிறவர்கள். அவர்கள் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை பத்தரமுல்ல இசுருபாயவில் இருக்கும் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் தீர்மானிக்கிறது. அதிபரோ, செயலாளரோ, தோட்டத் தலைவரோ, அரசியல்வாதியோ அந்தக் காலத்தைத் தங்கள் விருப்பத்துக்கு நீட்ட முடியாது. சுற்றறிக்கைகள் அவ்வப்போது மாறுவதால் வாய்வழி விளக்கத்தை நம்பியிருக்க வேண்டாம். இப்போது நடைமுறையில் உள்ளதன் பிரதியைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

பெற்றோர் ஒதுங்கி நிற்பதற்கு நீண்ட காரணம் உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத்தை நிர்வகித்த துரைமாரின் பொறுப்பில் விட்டது. லயத்து ஓரத்தில் ஓர் அறை, ஒரு வாத்தியார், அவருக்கு மேலே துரை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும், 1960, 61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டங்கள் வெளியே நின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போன பிறகு, 1977 முதல்தான் இந்தப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஆக, பாடசாலையை யார் நடத்துவது என்ற கேள்வியை மூன்று தலைமுறையாக யாரும் தோட்டத்துப் பெற்றோரிடம் கேட்டதில்லை. 1993இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் சட்டம் வந்தது. 2006 முதல் உலக வங்கி உதவியோடு, சமூகத்தைப் பாடசாலை முகாமைத்துவத்தில் சேர்க்கும் திட்டம் வந்தது. இரண்டும் நல்ல எண்ணந்தான். ஆனால் பெற்றோர் மாலையில் வந்து உட்காரக்கூடிய ஊரை மனதில் வைத்து எழுதியவை என்பது வாசிக்கும்போதே தெரிகிறது.

தோட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். பொதுக்கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. தாய் அந்நேரம் மலையில் கொழுந்து பறிக்கிறாள். கூட்டத்துக்கு வர வேண்டுமானால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகும். பாதியில் இறங்கி வந்தால் அரைப்பேர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. செயலாளரைத் தெரிவு செய்ய அவ்வளவு விலை கொடுப்பது யார்? வந்தவர்கள் பதினைந்து பேர், அதில் பாதி ஆசிரியர்கள். ஆள் போதாது என்று கூட்டத்தைத் தள்ளி வைக்கிறார்கள். அடுத்த திகதி குறிக்கவில்லை. "அதுவரை பழைய குழுவே தொடரட்டும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். காலத்தை நீட்டும் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை, ஆனால் காலம் நீண்டுவிட்டது. யாரும் கெட்டவர் இல்லாமலே இது நடக்கக்கூடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இன்னொரு சிக்கலைச் சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. தோட்டப் பாடசாலைகளில் கணிசமானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. ஐந்தாம் தரத்தோடோ எட்டாம் தரத்தோடோ முடிந்துவிடும். குழுவின் காலம் மூன்று வருடம் என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்று வருடம் பிள்ளை படிக்கும் நகரத்துக் கல்லூரிக்கு அது பொருந்தலாம். ஐந்து வருடமே பிள்ளை இருக்கும் பாடசாலையில் நான்காம் தரத்துத் தாய் தெரிவானால் இரண்டு வருடத்தில் அவளுக்கு அங்கே வேலை இல்லை. பிள்ளை போன பிறகும் பெற்றோர் பிரதிநிதியாகவே உட்கார்ந்திருப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அப்படியானால் காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தந்தப் பாடசாலைக்கே கொடுத்துவிடலாமா? பாதிதான் கொடுக்கலாம் என்பது என் கருத்து. உச்ச வரம்பை மேலிருந்து ஒரே விதியாக வைக்க வேண்டும். அதற்குள் குறைத்துக்கொள்ளும் உரிமையைப் பொதுக்கூட்டத்துக்குக் கொடுக்கலாம். நீட்டும் உரிமையை யாருக்கும் கொடுக்கக்கூடாது. கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், தொழிற்சங்கக் கிளை எல்லாவற்றிலும் ஒரே நாலு பேர் சுற்றிச் சுற்றி வரும் தோட்டத்தில், நீட்டும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கூட்டம் எந்த நாள், எந்த நேரம் என்பது மட்டும் முழுக்க ஊரின் முடிவாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். குழுவின் காலம் இரண்டு வருடம். 2022இல் மாநிலம் முழுக்கக் குழுக்கள் அமைந்தன. 2024இல் மாநிலம் முழுக்கத் திரும்ப அமைத்தார்கள். அரசாங்கமே ஊருக்குச் சொல்லி நாள் குறிப்பதால் கூட்டத்தை மறப்பது கடினம். அங்கேயும் பெயருக்கு இயங்கும் குழுக்கள் உண்டு. ஆனாலும் "எப்பவும் அவர்தான்" என்று சொல்ல அங்கே இடம் குறைவு.

தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாண சபையின் கீழ் வருபவை. பதுளை அடங்கும் ஊவா மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2014 செப்டம்பர் 20ஆம் திகதி நடந்தது. 2019இல் சபையின் காலம் முடிந்து ஆளுநர் நிர்வாகம் வந்தது, ஆண்டுகள் ஓடின. அதற்கு முன்பே 2017இல், எல்லா மாகாண சபைகளின் காலத்தையும் ஒரே நாளில் முடியும்படி மாற்ற 20ஆவது திருத்தச் சட்டமூலத்தை அரசு கொண்டுவந்தது. அதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தெரிவான சபையின் காலத்தை மேலே இருப்பவர்கள் சும்மா மாற்றிவிட முடியாது என்று அன்று நிறுவப்பட்டது. தேர்தலே வைக்காமல் விட்டுவிடலாம் என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. தோட்டப் பாடசாலையில் நடப்பதும் இதன் சின்ன வடிவந்தான்.

காலம் முடிந்த குழுவால் பெற்றோருக்கு என்ன நட்டம்? முதலாவது காசு. கணக்கு பொதுக்கூட்டத்தில்தான் வாசிக்கப்படும். கூட்டமே இல்லையென்றால் கேட்பதற்கு மேடை இல்லை. சுற்றறிக்கையின் அனுமதி இல்லாமல் எந்தக் கட்டணமும் வசூலிக்கக்கூடாது, வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வேண்டும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதற்கோ, விடுகைப் பத்திரத்தைப் பிடித்து வைப்பதற்கோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. முதலாம் தரத்தில் சேர்ப்பதற்கு "அன்பளிப்பு" கேட்டால் அது சங்கத்து விஷயமே இல்லை, இலஞ்சம். 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அழைக்கலாம்.

சரி, கூட்டம் கூடவில்லை, என்ன செய்வது? முதலில் அதிபருக்கு ஒரு கடிதம், தனியாக அல்ல, பத்து இருபது பெற்றோர் சேர்ந்து. பிள்ளைக்கு ஏதும் வருமோ என்ற பயம் நியாயமானது. ஒரு பெயரைக் குறி வைக்கலாம், இருபது பெயரைக் குறி வைப்பது கடினம். கடிதத்தில் சண்டை வேண்டாம். பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லுங்கள், அதற்கான நாளையும் நீங்களே குறியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா. பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தருவதற்கு மறுத்தால் பதிவுத் தபால்.

இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லையா, அதே கடிதத்தின் பிரதியோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். பதுளை, பண்டாரவளை, பசறை, வெலிமடை, வியலுவ, மகியங்கனை என ஒவ்வொரு வலயத்துக்கும் பணிமனை உண்டு. தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் கேட்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அமைச்சுக்கு நேரே முறையிட 1988 என்ற இலக்கம்.

இதைவிடப் பலமான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். வலயப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதினால் போதும்: "எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடைசிப் பொதுக்கூட்டம் நடந்த திகதி, அதன் கூட்டறிக்கை, வருகைப் பதிவு, தற்போதைய குழு தெரிவான திகதி, பதவிக்காலத்தைக் குறிக்கும் சுற்றறிக்கை, கடந்த இரண்டு வருடக் கணக்கறிக்கை ஆகியவற்றின் பிரதிகள் தேவை." ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிய வேண்டும். இல்லையென்றால் அடுத்த 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவரவில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தச் சட்டம் பிரசைகளுக்கானது. 1948இல் குடியுரிமையை இழந்த மக்களில் எஞ்சியிருந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதைத் திரும்பக் கொடுத்திருப்பதால், நாட்டில் வாழும் இந்திய வம்சாவளி மக்கள் இந்த வரியைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

கடிதம் எழுதியதற்காகப் பிள்ளையைப் பாகுபாடாக நடத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்குச் சொல்லலாம். திகதி, நேரம், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கூட்டம் கூடியதும், ஒன்றாம் இரண்டாம் தரத்துத் தாய்மாரில் இருவரையாவது குழுவுக்குப் போடுங்கள். அவர்களுக்குத்தான் முழுக் காலமும் இருக்கக் காரணம் உண்டு. கணவர்மாரை அவர்களுக்குப் பதிலாக அனுப்ப வேண்டாம். கூட்டம் கலைவதற்கு முன், இந்தக் குழுவின் காலம் எந்த வருடம் எந்த மாதம் முடிகிறது என்பதைக் கூட்டறிக்கையில் எழுதவைத்து, அந்த ஒரு வரியை அறிவித்தல் பலகையிலும் பெரட்டுக்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள்.